ஜாதிக்காய் வாசனை

முதலில் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். மற்ற குற்றங்கள் பின்னால் வரிசையாக வரும்.

"எங்க வீட்டு ஆப்பிள்ல ஜாதிக்காய் வாசனை அடிக்கும்" என்று அலுவலகத்தில், கோயில் அன்னதான வரிசையில், ஊரிலிருந்து வந்து இறங்கும் உறவுக்காரர்களிடம் எல்லாம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்ல ஆரம்பித்த நாளில் அந்த மரம் கட்டைவிரல் தடிமனில் ஒரு குச்சி. அதில் ஓர் இலைகூடக் கிடையாது. அதன் பழத்தை நான் தின்றதில்லை, கண்ணால் பார்த்ததுமில்லை. நர்சரிக்காரர்களின் விலைப்பட்டியலில் படித்த ஒரு வரியை என் சொந்த நாக்கு கண்டுபிடித்ததுபோல ஊர் முழுக்க விநியோகித்துவிட்டேன்.

பெயர்தான் என்னைக் கவிழ்த்தது. டார்சி ஸ்பைஸ். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் ஆப்பிள் வகைகள் உண்டு. கென்ட் மாகாணத்தில் ப்ராக்டேல் என்ற இடத்தில் இருக்கும் தேசியப் பழத் தொகுப்பில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் விட்டுவிட்டு, பெயரில் மசாலா இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இதைப் பிடித்தேன். சாம்பார்ப் பொடி தீர்ந்தால் பதறும் ஜாதி வேறு எதைத் தேர்ந்தெடுக்கும்?

நாங்கள் இருப்பது எசெக்ஸ். மரமும் எசெக்ஸ்காரன்தான். பிளாக்வாட்டர் கழிமுகத்துக்குப் பக்கத்தில் டோல்ஸ்ஹண்ட் டார்சி என்று ஒரு சின்ன ஊர். மார்ஜரி அலிங்கம் என்ற துப்பறியும் கதை எழுத்தாளர் வாழ்ந்த ஊர். அங்கே பெரிய வீட்டுத் தோட்டம் ஒன்றில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மரம் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1848இல் செம்ஸ்ஃபோர்டு பக்கத்து நாற்றுப்பண்ணைக்காரர் ஜான் ஹாரிஸ் 'பேடோ பிப்பின்' என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆப்பிள் விதை போட்டால் தாயைப்போல வராது. கிளை வெட்டி ஒட்டுக் கட்டினால்தான் அதே பழம். ஆகவே இன்று உலகத்தில் எங்கே ஒரு டார்சி ஸ்பைஸ் நின்றாலும் அது அந்த முதல் மரத்தின் கிளையின் கிளையின் கிளைதான். இருநூறு வருடமாகக் கைமாறிக் கைமாறிப் பிழைத்து வந்த ஓர் உயிர், 2016 ஜனவரியில் என் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் கெட்ட நேரம்.

வந்த அன்றைக்கே தகராறு. குளிர்காலத்தில் கன்றைத் தொட்டியில்லாமல், மண்ணில்லாமல், வெறும் வேரோடு காகிதத்தில் சுற்றி அனுப்புவது இந்த நாட்டு வழக்கம். மரம் தூங்கும் பருவம் அது. இடம் மாற்ற அதுவே நல்ல நேரம். எனக்கு அது தெரியாது. பிரித்துப் பார்த்தேன், விறகு. உடனே நர்சரிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "செத்த செடியை அனுப்பியிருக்கிறீர்கள்" என்று நுகர்வோர் உரிமை பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். மறுமுனையில் இருந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, விரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்க்கச் சொன்னார். கீறினேன். உள்ளே பச்சை. "மே மாதத்தில் மறுபடி கூப்பிடுங்கள்" என்றார். மே மாதம் இலை வந்தது. நான் கூப்பிடவில்லை.

நட்டதிலும் கோளாறு. ஆப்பிள் கன்றின் அடியில், வேருக்கு ஒரு சாண் மேலே, ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் ஒட்டுக் கட்டிய இடம். அதற்குக் கீழே இருப்பது வேறொரு ஆப்பிளின் வேர். மரம் எவ்வளவு உயரம் போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். நான் வாங்கியது எம் 26 என்ற வேர். கென்ட்டில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. மரத்தை மூன்று மீட்டருக்குள் அடக்கி வைக்கும். அந்தப் புடைப்பு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்று கூட வந்த தாளிலேயே படம் போட்டிருந்தது. எனக்கோ ஆழமாக நட்டால்தான் காற்றுக்குச் சாயாது என்ற நம்பிக்கை. புடைப்புக்கு மேல் அரை அடி மண்ணைப் போட்டு, காலால் மிதித்து, தண்ணீர் ஊற்றி, செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

புதைந்த ஒட்டுக்கு மேலிருந்து டார்சி ஸ்பைஸ் தன் சொந்த வேரை விட்டது. அப்புறம் எம் 26இன் அதட்டலை அது எதற்குக் கேட்கப் போகிறது? மூன்றாம் வருடம் மரம் வேலியைத் தாண்டிப் போனது. என் மண்வளம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர்தான், கையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு நாள் எட்டிப் பார்த்து, "ஒட்டைப் புதைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். டாக்டர் எக்ஸ்-ரே பார்த்துவிட்டுக் கேட்கிற தொனி. அந்தக் குளிர்காலம் முழுக்க மண்ணைப் பறித்து, புதிதாக வந்த வேர்களை அரிவாளால் அறுத்தேன். மரம் அதை மறக்க இரண்டு வருடம் ஆனது.

உரம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கோழி எருக் குருணையை 'கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் என்ன' என்று கூடுதலாகப் போட்டேன். கூடுதலாக இலை வந்தது. இலையைத் தேடி அசுவினி வந்தது. பூ வரவில்லை.

பூ வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதன் பெயர் கவாத்து. ஆப்பிளில் பூ மொட்டு குண்டாக, மேலே மெல்லிய மயிரோடு, பூனைக்குட்டியின் பாதம்போல இருக்கும். இலை மொட்டு ஒல்லியாக, கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குண்டாக இருப்பதைக் கண்டால் நோய் என்று நினைப்பவனை என்ன செய்வது? ஒரு பிப்ரவரி ஞாயிறு முழுவதும் நின்று, 'வீங்கிய' கிளைக்கணுக்களை ஒன்று விடாமல் கத்தரித்துவிட்டேன். வேலை அவ்வளவு சுத்தம். போதாக்குறைக்கு, குளிர்காலத்தில் பலமாக வெட்டினால் மரம் கோபித்துக்கொண்டு நெட்டுக்குத்தாகத் தளிர்களை அள்ளி வீசும். அந்தக் கோடையில் என் ஆப்பிள் மரம் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டதுபோல் நின்றது.

அம்மா காணொளியில் பார்த்தாள். "ஏன்டா, தென்னந்துடைப்பம் அங்கயும் வளருதா?"

ஒருவழியாகச் சில பூக்கள் வந்தபோது மகரந்தப் பிரச்சினை. ஆப்பிள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது; வேறு வகை ஆப்பிள் பக்கத்தில் பூத்திருக்க வேண்டும். இதற்கு நான் கவலைப்படவே இல்லை. பெரியவர் தோட்டத்தில் ஆலமரம் மாதிரி ஒரு பிராம்லி நின்றது. பிராம்லி சமையல் ஆப்பிள். 1809இல் நாட்டிங்காம்ஷயரில் சவுத்வெல் ஊரில் ஒரு சிறுமி போட்ட விதையிலிருந்து வந்தது. ஆங்கிலேயர்களின் ஆப்பிள் பை முழுக்க அதன் தயவுதான். மாப்பிள்ளை பக்கத்து வீட்டிலேயே இருக்கும்போது வேறு வரன் எதற்கு என்று இருந்துவிட்டேன். பிராம்லிக்கு மூன்று தொகுதி குரோமோசோம்கள் என்பதும், அதனால் அதன் மகரந்தம் யாருக்கும் உதவாது என்பதும், பார்க்க மட்டும்தான் மாப்பிள்ளை என்பதும் பிற்பாடு தெரிந்தது. சொன்னவர், வேறு யார், பெரியவர்தான். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார். கேட்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஒரு காட்டு ஆப்பிளை, 'ஜான் டவுனி' என்று பெயர், தொட்டியில் வாங்கி வைத்தேன். சின்னச் சின்னப் பழம், ஏகப்பட்ட பூ. அதற்கப்புறம்தான் பிஞ்சு நின்றது.

2020. முதல் காய்ப்பு. நான்கு பழம்.

இங்கே அந்தப் பழத்தின் முகத்தைச் சொல்ல வேண்டும். கடையில் பளபளவென்று மெழுகு பூசி அடுக்கியிருக்கும் ஆப்பிளை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பச்சை மேனி, அதன்மேல் பழுப்பில் சொரசொரவென்று ஒரு போர்வை. ரஸெட் என்பார்கள். நம் கண்ணுக்கு அது சப்போட்டா. என் மனைவி இன்றுவரை அப்படித்தான் சொல்கிறாள். "உங்க சப்போட்டா எப்ப பழுக்கும்?"

நல்ல கேள்வி. டார்சி ஸ்பைஸ் பழுப்பதில் மகா சோம்பேறி. அக்டோபர் முடியும்வரை மரத்திலேயே தொங்கவிட்டு, எசெக்ஸ் வழக்கப்படி நவம்பர் 5ஆம் தேதி, கை ஃபாக்ஸ் நாளில்தான் பறிக்க வேண்டும் என்பார்கள். 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்துப் பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். அந்த இரவில் நாடு முழுக்கப் பட்டாசு வெடிக்கும். பறித்தாலும் அன்றைக்கே தின்னக் கூடாது. குளிர்ந்த இருட்டில் மாதக்கணக்கில் வைத்தால்தான் மாவுச்சத்து சர்க்கரையாகி, புளிப்பு தணிந்து, அந்தப் பிரசித்தி பெற்ற மணம் வெளியே வரும். சரியாக வைத்தால் ஏப்ரல்வரை தாங்கும். குளிர்பதனக் கிடங்கு இல்லாத காலத்தில் மார்ச் மாதத்தில் கையில் ஒரு ஆப்பிள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்தால், இவ்வளவு முரட்டுத் தோலும் பிடிவாதமும் உள்ள பழத்தை ஏன் இருநூறு வருடம் காப்பாற்றினார்கள் என்று புரியும்.

எனக்கும் புரிந்துதான் இருந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி நான்கையும் பறித்துவிட்டேன்.

நியாயம் கற்பிக்க முயல்கிறேன். பக்கத்துத் தெருவில் எல்லார் வீட்டு ஆப்பிளும் கீழே விழுந்து கிடந்தது. நம் வீட்டில் மட்டும் தொங்கினால் மனசு கேட்குமா? பழத்தை உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் தூக்கித் திருகினால் காம்பு தானாகக் கழன்று வர வேண்டும். வராவிட்டால் பழுக்கவில்லை என்று பொருள். நான் திருகியபோது காம்போடு கிளையும் வந்தது. அதையும் ஒரு சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டியபோது விதை வெள்ளையாக இருந்தது. கறுத்திருக்க வேண்டும். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தவர்களுக்கு அந்தச் சுவை தெரியும். விருந்துக்கு வந்திருந்த நண்பர், "ஜாதிக்காய்…" என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்தார். "பின்னாடி வரும், மெதுவா மெல்லுங்க" என்றேன். மனிதர் பத்து நிமிடம் மென்றார். நல்ல நண்பர்.

2021இல் தவறு என்மேல் மட்டுமில்லை, ஏப்ரல்மீதும்தான். 1922க்குப் பிறகு பிரிட்டனில் அவ்வளவு குளிர்ந்த ஏப்ரல் இரவுகள் வந்ததில்லை. உறைபனி பூவின் சூலகத்தைக் கறுக்க வைத்துவிடும். பூ வெளியே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சிரித்துக்கொண்டிருக்கும், உள்ளே உயிர் இருக்காது. இதற்கென்று தோட்டக் கடையில் மெல்லிய போர்வைத் துணி விற்கிறார்கள். நான்தான் சிக்கனக்காரன் ஆயிற்றே. பெட்டியின் அடியில் கல்யாணத்துக்கு வந்த எட்டு முழ வேட்டிகள் நான்கு கிடந்தன. மரத்துக்கு மயில்கண் கரை போட்டு உடுத்திவிட்டேன். காலையில் பெரியவர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிய சத்தம் எனக்குக் கேட்டது.

வேட்டி வேலை செய்தது. பூ கருகவில்லை. ஆனால் காலையில் அவிழ்த்துவிட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இரவெல்லாம் குளிர் அடிக்கிறது, பகலிலும் இருக்கட்டுமே என்று இரண்டு வாரம் கட்டியபடியே விட்டுவிட்டேன். தேனீக்கள் வந்து வேட்டியை முகர்ந்துவிட்டுப் போயிருக்கும். அந்த வருடம் பூத்தது அத்தனையும் கன்னியாகவே உதிர்ந்தது.

அடுத்த கோடை லின்கன்ஷயரில் 40.3 டிகிரி தொட்ட கோடை. இங்கே எல்லாரும் மயங்கி விழ, டார்சி ஸ்பைஸ் மட்டும் கொண்டாடியது. இங்கிலாந்திலேயே மழை குறைந்த மூலை எசெக்ஸ். வெயிலும் வறட்சியுமான கோடை இருந்தால்தான் இந்தப் பழம் தன் குணத்தைக் காட்டும். மேற்கே மழைப் பிரதேசத்துக்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அதற்கும் ஒத்துப்போகும். எழுபதுக்கு மேல் பிஞ்சு. ஜூனில் மரம் தானே கொஞ்சம் உதிர்க்கும். மிச்சத்திலும் பாதியை நாம் கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் மரம் களைத்து மறு வருடம் படுத்துவிடும். ஆறு வருடம் தவமிருந்து வந்த பிஞ்சைக் கிள்ளுகிறவன் மனிதனா? கிள்ளவில்லை. அந்துப்பூச்சிக்கான பசைப்பொறியை மே மாதம் கட்ட வேண்டியது, ஆகஸ்டில் கட்டினேன். என் தோட்ட வாழ்க்கையில் நான் தாமதித்த ஒரே காரியம். புழுவும் அணிலும் பாகம் பிரித்துக்கொண்டதுபோக நவம்பர் 5 அன்று பத்தொன்பது பழம் கிடைத்தது. ஆம், நவம்பர் 5. காத்திருந்தேன். மனைவி என் கையைப் பிடித்துவைத்திருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய எசெக்ஸ்காரர்கள் இந்தப் பழத்தைக் கோணிப்பையில் போட்டு அதே மரத்தில் தொங்கவிட்டுக் குளிர்காலத்தைக் கடத்துவார்களாம். கேட்டதும் புல்லரித்தது. கோணிப்பைக்கு எங்கே போவது? மளிகைக் கடை பிளாஸ்டிக் பை இருந்தது. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, மழைத்தண்ணீர் இறங்காது என்று பெருமையோடு தொங்கவிட்டேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, வெளியேறவும் இல்லை. பழம் விட்ட மூச்செல்லாம் உள்ளேயே வியர்த்து நின்றது. கிறிஸ்துமஸ் அன்று அவிழ்த்தேன். ஜாதிக்காய் வாசனை வரவில்லை. வேறொரு வாசனை வந்தது.

2023இல் மரம் ஓய்வெடுத்தது. மாமரம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன்தானே நான். ஆனாலும் துரோகம் போலிருந்தது. மேற்கு மாகாணங்களில் ஜனவரி 17ஆம் தேதி ஆப்பிள் தோப்புக்குப் போய், மரத்துக்கு சைடர் ஊற்றி, கிளையில் ரொட்டித் துண்டு மாட்டி, பாட்டுப் பாடி நல்ல காய்ப்பு வேண்டுவார்கள். எங்கள் பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள்தான் இடைவெளி. மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி மரத்தடியில் வைத்தேன். நரி தின்றுவிட்டுப் போனது.

2024இல் கிள்ளினேன். கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பிஞ்சைக் கிள்ளினேன். பொறியை மே மாதம் கட்டினேன். யாரும் சொல்லாமலே நவம்பர் 5வரை தோட்டத்துப் பக்கம் போகாமல் இருந்தேன். தீபாவளி முடிந்து நாலைந்து நாள். தெருவில் மறுபடி பட்டாசு. டார்ச் வெளிச்சத்தில், தலைக்கு மேல் வாணங்கள் சிதற, இருபத்தாறு பழத்தைக் கையில் ஏந்தித் திருகினேன். காம்பு மட்டும் வந்தது. விதை கறுத்திருந்தது. இந்தத் தடவை பை விஷயத்தில் ஏமாறவில்லை. ஊரிலிருந்து ஜவுளிக்கடைப் பெயர் போட்ட மஞ்சப்பை மூன்று எப்போதோ வந்திருந்தது. துணிப்பை, மூச்சு விடும். பழத்தை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு, மரத்தில் வேண்டாம், அணிலுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்துவிடும் என்று ஷெட்டுக்குள் ஆணியில் மாட்டினேன். டிசம்பரில் இரண்டைத் தொட்டுப் பார்த்தேன். ஜனவரியில் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்; புளிப்பு, கடினம், வாசனை இல்லை; மனைவிக்குத் தெரியாமல் மென்று விழுங்கினேன். பிப்ரவரியில் அழுகியவற்றைக் களைகிறேன் என்ற சாக்கில் தினமும் போனேன். பத்து தேறின.

மார்ச்சில் ஒரு ஞாயிறு. பழத்தின் தோல் பாட்டியின் கன்னம்போலச் சுருங்கியிருந்தது. மூன்று எடுத்துக் கழுவினேன். ஒன்றை வேலிக்கு மேலே நீட்டினேன். பெரியவர் சட்டையில் துடைத்து ஒரு கடி கடித்தார். வானத்தைப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது. போன கோடையில் வெயில் போதவில்லை" என்றார். உண்மை, 2015க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த கோடை வந்ததில்லை. "2022 பழத்தைக் கொடுத்திருந்தால்…" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

உள்ளே வந்து மனைவியும் நானும் சமையல்கட்டில் நின்றபடியே மீதி இரண்டையும் வெட்டித் தின்றோம். இனிப்பு இருந்தது. கூடவே ஒரு கூர்மையான புளிப்பு, கொஞ்சம் வறுத்த கடலையின் ருசி. நல்ல பழம், சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது வருடமாக நான் ஊரெல்லாம் விளம்பரம் செய்த அந்த ஒன்றை நாக்கின் நுனியில் தேடினேன், பக்கவாட்டில் தேடினேன், தொண்டையில் தேடினேன். இல்லை. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு ஜாதிக்காயை எடுத்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி கடித்தேன். அப்போதும் இல்லை.

அவள் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள். "என்னங்க, நிஜமாவே ஜாதிக்காய் வாசனை வருதுங்க" என்றாள்.

"பின்னே? நான்தான் சொன்னேனே" என்றேன்.

அவள் கூடத்துக்குப் போனதும் வெட்டிய கத்தியை எடுத்து மோந்து பார்த்தேன். வெங்காய வாடை மட்டும்தான் அடித்தது.